ஆஸ்டியோபதியும் பேறுகாலமும்: நூறாண்டு கடந்தும் தீராத ஒரு வாதம்

கர்ப்பிணியின் முதுகையும் இடுப்பையும், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் தலையையும் பயிற்சி பெற்ற கைகளால் அழுத்தி, நெகிழ்த்தி, நிதானமாகப் பிடித்துவிட்டால் என்ன நடக்கும்? பிரசவம் எளிதாகும், தாயின் வலி தணியும், குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், அழுகை குறையும் என்கிறார்கள் ஆஸ்டியோபதித் துறையினர். இந்த நம்பிக்கைக்கு வயது நூற்றுக்கும் மேல். அதை மறுப்பவர்களின் வாதமும் ஏறக்குறைய அதே அளவு பழையது. இடையில் ஏராளமான ஆய்வுகள் வந்திருந்தும், 'பலன் உண்டு' என்றோ 'எல்லாம் பொய்' என்றோ ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் இரு தரப்பிலும் அதிகம். கேள்வியைப் பிரித்துப் பார்த்தால்தான் பதில்கள் தெளிகின்றன. தாயின் வலி ஒரு கேள்வி. பிரசவத்தின் போக்கு இன்னொன்று. பச்சிளங்குழந்தையின் தலை முற்றிலும் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கும் சேர்த்துக் காட்டுவதால் வந்ததே பாதிக் குழப்பம்.

ஒரே பெயரில் இரண்டு தொழில்கள்

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828இல் வர்ஜீனியாவில் பிறந்து, கன்சாஸ் எல்லைப்புறத்தில் மருத்துவம் பார்த்தவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைப் பறித்தது. பாதரசக் கலவை, அபின், சாராயம் என்று அன்றைய மருத்துவர்கள் கைவசம் வைத்திருந்தவை காத்ததைவிடக் கெடுத்ததே அதிகம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். எலும்பும் தசையும் சீராக அமைந்திருந்தால் இரத்த ஓட்டம் தடைபடாது, உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது 1874இல் அவர் அறிவித்த கொள்கை. 1892இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் படித்தார்கள். பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்க மறுத்த காலம் அது. பேறுகாலக் கவனிப்புக்கு இத்தொழிலில் தொடக்கம் முதலே இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

1910இல் ஏப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர் எழுதிய புகழ்பெற்ற மருத்துவக் கல்வி அறிக்கை ஆஸ்டியோபதிப் பள்ளிகளையும் கடுமையாகச் சாடியது. அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் அமெரிக்க ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் மருந்தியல், அறுவை சிகிச்சை உட்பட முழு மருத்துவப் பாடத்தையும் ஏற்றுக்கொண்டன. இன்று அங்கே டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர் எம்.டி.க்கு நிகரான மருத்துவர். மருந்து எழுதுவார், சிசேரியன் செய்வார். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர் மருத்துவரின் பெயர்ப்பலகையில் டி.ஓ. என்ற எழுத்துகளைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. ஆஸ்டியோபதி மகப்பேறு மருத்துவர்களுக்கென்று ஒரு தனி அமைப்பே அங்கு 1934 முதல் இயங்குகிறது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை வேறு. ஸ்டில்லிடம் படித்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917இல் லண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியை நிறுவினார். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்டியோபாத் என்ற பெயருக்குப் பாதுகாப்பளித்தது. ஆனால் அங்கேயும் பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளிலும் அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர்; கைச்சிகிச்சை மட்டுமே செய்பவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பயிற்சி வரையறைகள் இந்த இரு வகையினரையும் தனித்தனியே பார்க்கின்றன.

இந்தப் பிரிவு வெறும் நிர்வாக விஷயமன்று. அமெரிக்க டி.ஓ.க்களில் பெரும்பாலோர் கைச்சிகிச்சையை மிகக் குறைவாகவே பயன்படுத்துவதாக அங்கு எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆக, பிரசவம் பார்ப்பவர்கள் கைச்சிகிச்சையை அரிதாகச் செய்கிறார்கள். கைச்சிகிச்சையையே தொழிலாகக் கொண்டவர்கள் பிரசவம் பார்ப்பதில்லை. ஓர் இடத்து ஆய்வு முடிவை இன்னோர் இடத்துக்குப் பொருத்தும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பிரசவ நேரம் குறையுமா?

ஆரம்பகால ஆஸ்டியோபதியினர் பெருமையோடு முன்வைத்த கூற்று இதுதான். இடுப்பெலும்பு மூட்டுகளும் அடிமுதுகும் நெகிழ்ந்திருந்தால் குழந்தை இறங்கும் வழி தடையின்றி இருக்கும், வலி நேரம் சுருங்கும் என்றார்கள். 1911இல் அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கத்தின் இதழில் லில்லியன் வைட்டிங் ஒரு தொகுப்பை வெளியிட்டார். கர்ப்ப காலத்தில் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு முதல் பிரசவம் சராசரியாகச் சுமார் 10 மணி நேரத்தில் முடிந்தது, மற்றவர்களுக்குச் சுமார் 21 மணி நேரம் ஆனது என்பது அவர் தந்த கணக்கு. கேட்பதற்கு அசர வைக்கும் வேறுபாடு. ஆனால் யார் சிகிச்சை பெறுவது என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. தேடி வந்து சிகிச்சை பெற்ற பெண்கள் வயது, உடல்நிலை, வசதி எல்லாவற்றிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாம். பிரசவ வலி எப்போது தொடங்கியது என்று குறிப்பதிலும் ஆளுக்கு ஆள் அளவு மாறும். அக்கால மருத்துவ ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான குறை இது. வைட்டிங்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குறை என்னவோ குறைதான்.

2003இல் ஹோலிஸ் கிங்கும் சக ஆய்வாளர்களும் நான்கு அமெரிக்க நகரங்களின் மருத்துவப் பதிவுகளைத் திரும்பப் புரட்டினார்கள். கைச்சிகிச்சை பெற்ற 160 பெண்களையும் பெறாத 161 பெண்களையும் ஒப்பிட்டதில், சிகிச்சை பெற்றவர்களிடம் குறைப்பிரசவமும், குழந்தை உள்ளேயே மலம் கழித்துப் பனிக்குட நீர் கலங்குவதும் குறைவாக இருந்தன. இது ஆர்வத்தைத் தூண்டியது; ஆனால் இதுவும் பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு என்பதால் முடிவாக எதையும் சொல்ல முடியவில்லை.

திருப்பம் வந்தது டெக்சாஸிலிருந்து. கெண்டி ஹென்சல் தலைமையில் நடந்த 'ப்ரோமோட்' ஆய்வில் 400 கர்ப்பிணிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். பிரசவத் தரவுகள் 2016இல் வெளியாயின. ஆயுதப் பிரசவம், சிசேரியன், கிழிசல், பனிக்குட நீர் கலங்குவது எதிலும் கைச்சிகிச்சைக் குழு மோசமாகவில்லை. கர்ப்பம் அபாயக் கட்டத்துக்குப் போவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. ஆனால் பிரசவ வலி நேரம் அந்தக் குழுவில்தான் கூடுதலாக இருந்தது. வைட்டிங் சொன்னதற்கு நேர்மாறான முடிவு. இதை வைத்துக் கைச்சிகிச்சை பிரசவத்தை நீட்டிக்கிறது என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. அந்த ஆய்வு முதலில் அளக்க வகுக்கப்பட்டது வலியையும் அன்றாட இயக்கத்தையும்தான். பல அளவுகளைப் பார்க்கும்போது ஒன்றிரண்டு தற்செயலாகவும் வேறுபடும். என்றாலும் பிரசவ நேரத்தைப் பாதியாக்கும் என்ற பழைய வாக்குறுதியை இனி யாரும் எடுத்துக்காட்டாக நீட்ட முடியாது.

கர்ப்பிணியின் முதுகு

இந்தத் துறைக்கு ஓரளவு திடமான காலடி கிடைக்கும் இடம் இதுதான். வயிறு முன்தள்ள முதுகின் வளைவு கூடுகிறது. ஹார்மோன்களால் இடுப்பெலும்பு இணைப்புகள் நெகிழ்கின்றன. உடலின் எடைமையம் மாறுகிறது. கர்ப்பிணிகளில் பாதிப் பேராவது முதுகு வலியோ இடுப்பு வலியோ அனுபவிக்கிறார்கள். வலிமாத்திரைகளில் பலவற்றை அந்நேரத்தில் தர முடியாது. 'பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்' என்பதே பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் வைத்தியம். கையால் செய்யும் எளிய சிகிச்சை இந்த வெற்றிடத்தை நிரப்புமானால் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

2010இல் ஜான் லிச்சியார்டோன் குழு 144 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், கடைசி மூன்று மாதங்களில் கைச்சிகிச்சை பெற்றவர்களின் அன்றாட இயக்கம் மற்றவர்களைவிடக் குறைவாகவே தளர்ந்தது. அதன் பெரிய வடிவம்தான் ப்ரோமோட். 30ஆம் வாரத்திலிருந்து ஏழு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 20 நிமிடம், வகுத்து எழுதிய வரிசைப்படி சிகிச்சை. இரண்டாவது குழுவுக்குப் போலிச் சிகிச்சை: பலன் தரும் அளவுக்கு ஒலியலை செலுத்தாத அல்ட்ராசவுண்ட் கருவியை உடலில் ஓட்டினார்கள். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனை மட்டும்.

2015இல் வந்த முடிவு இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றபடி படித்துக்கொள்ளக்கூடியது. வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் கைச்சிகிச்சை வலியையும் இயலாமையையும் தெளிவாகக் குறைத்தது. போலி அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆதரவாளர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்கிறார்கள், விமர்சகர்கள் இரண்டாவதை. இரண்டும் உண்மை, சேர்த்துப் படிக்கும்போதுதான் பொருள் கிடைக்கிறது. தாய்க்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால் அது தசை, மூட்டு பற்றிய ஆஸ்டியோபதி அறிவிலிருந்து வந்ததா, ஒருவர் 20 நிமிடம் அருகிலிருந்து, அவள் வலியைக் கேட்டு, உடலைத் தொட்டுக் கவனித்ததிலிருந்து வந்ததா என்பதை அந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியவில்லை.

அதே ஆண்டு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 34 ஆய்வுகளை, 5,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் தரவுகளை அலசியது. உடற்பயிற்சிக்குச் சில பலன்களைக் கண்டது. ஆஸ்டியோபதிக் கைச்சிகிச்சை 'பலனளிக்கலாம்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. பிரசவத்துக்குப் பிந்தைய முதுகு வலியில் 80 பெண்களை வைத்து ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு பெரிய நிவாரணத்தைக் காட்டியது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படாமல் காத்திருக்க வைத்ததால், ப்ரோமோட் எழுப்பிய அதே கேள்வி இங்கும் நிற்கிறது.

மண்டையோட்டின் அசைவு

குழந்தைப் பக்கம் வந்தால் தளம் மாறிவிடுகிறது. பச்சிளங்குழந்தைக்குச் செய்யப்படும் ஆஸ்டியோபதியில் பெரும்பகுதி ஸ்டில்லிடமிருந்து வரவில்லை. அவருடைய மாணவர் வில்லியம் கார்னர் சதர்லாண்டிடமிருந்து வந்தது. பிரித்து வைக்கப்பட்ட மண்டையோட்டில் பொட்டெலும்பின் விளிம்பு சரிவாகச் சீவியதுபோல் இருப்பதைக் கண்ட சதர்லாண்ட், இந்த எலும்புகள் மீனின் செவுள்போல அசைவதற்கென்றே அமைந்தவை என்று எண்ணத் தொடங்கினார். 1939இல் தன் கருத்தை நூலாக்கினார். மூளைக்கும் தண்டுவட நீருக்கும் மூச்சிலிருந்து தனித்த ஒரு தாளம் உண்டு, தேர்ந்த விரல்கள் அதை உணரும், அது தடைபட்டால் நோய், விடுவித்தால் நலம் என்பது அவர் வாதம்.

இதைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றவர் கலிஃபோர்னியாவின் வயோலா ஃப்ரைமன். பிறந்த சில நாள்களுக்குள் 1,250 குழந்தைகளின் தலைகளைத் தொட்டுப் பார்த்து 1966இல் கட்டுரை எழுதினார். பெரும்பான்மையோரின் தலையில் ஏதேனும் இறுக்கம் இருப்பதாகவும், வாந்தி, ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் சொன்னார். பின்னணியில் ஓர் உடற்கூற்று விளக்கம் இருந்தது. பிறக்கும்போது பிடரி எலும்பு ஒரே துண்டாக இருப்பதில்லை. நான்கு பகுதிகளாக, இடையே குருத்தெலும்போடு இருக்கும். அதன் அடியில் உள்ள துளைகள் வழியாகத்தான் நாக்கை இயக்கும் நரம்பும், இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பும் வெளிவருகின்றன. பிறப்புக் கால்வாயில் தலை நெரிபடும்போது இந்தப் பகுதிகள் அழுந்தினால் உறிஞ்சுவதும் செரிப்பதும் பாதிக்கப்படலாம் அல்லவா?

உடற்கூறு வரை சரி. பிரசவத்தில் தலை நீள்வதும் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவை பெரும்பாலும் சில நாளில் தாமாகவே சீராகும். ஆனால் அந்த நெரிசல் நரம்பை அழுத்துகிறது என்பதற்கும், விரலின் மென்தொடுகை அதை விடுவிக்கிறது என்பதற்கும் நேரடிச் சான்று இல்லை. ஃப்ரைமன் ஆய்வில் தலையைத் தொட்டுப் பார்த்தவரும் விளக்கம் தந்தவரும் ஒருவரே. இரண்டு வல்லுநர்கள் ஒரே தலையைத் தனித்தனியே தொட்டால் ஒரே முடிவைச் சொல்வார்களா என்பதுதான் அடிப்படைச் சோதனை. ஸ்டீவ் ஹார்ட்மனும் ஜேம்ஸ் நார்ட்டனும் 2002இல் அத்தகைய சோதனைகளைத் தொகுத்து, பரிசோதகர்களிடையே ஒத்திசைவு ஏறக்குறைய இல்லை என்று காட்டினார்கள். இருவருமே ஓர் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். துறைக்கு உள்ளிருந்தே எழுந்த குரல் அது. 2016இல் பிரான்சில் நடந்த முறையான தொகுப்பாய்வும் இதே முடிவுக்கு வந்தது. மூளைவாதம் உள்ள 142 குழந்தைகளை வைத்து 2011இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் மண்டையோட்டுச் சிகிச்சையால் இயக்கத்திறன் மேம்படவில்லை.

இதற்கு ஆதரவாளர்கள் தரும் பதில்கள் இரண்டு. இரத்த அழுத்தத்தில் இயல்பாக நிகழும் மெதுவான ஏற்றத்தாழ்வையே விரல்கள் உணர்கின்றன என்பது ஒன்று. விளக்கம் தவறாக இருந்தாலும் சிகிச்சை பலிக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது பதிலை எளிதாகத் தள்ள முடியாது. காரணம் தெரியாமலே பலித்த மருந்துகள் மருத்துவ வரலாற்றில் உண்டு. ஆனால் அந்த வழியைத் தேர்ந்தால் பலனை மட்டும் வைத்தே வழக்காட வேண்டும். அப்போது சோதனை இன்னும் கறாராக இருக்க வேண்டியது கட்டாயம்.

அழுகையும் பால்குடியும்

மாலை வந்தால் விடாமல் அழும் கைக்குழந்தை எந்த வீட்டையும் நிலைகுலைய வைக்கும். இந்த அழுகை பொதுவாக ஆறாவது வாரத்தையொட்டி உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தானே அடங்குகிறது. உச்சத்தில் தவிக்கும்போதுதான் பெற்றோர் உதவி தேடுவார்கள். அதன்பின் எதைச் செய்தாலும் குறைவதுபோல்தான் தெரியும். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்தச் சான்றும் இங்கே செல்லாது.

2006இல் பிரிட்டனில் 28 குழந்தைகளை வைத்து நடந்த சிறிய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்கள் குறைவாக அழுதார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். அழுகையைக் குறித்துவைத்ததும் அவர்களே. 2012 கோக்ரேன் தொகுப்பு, ஆஸ்டியோபதி, முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் இரண்டையும் சேர்த்து, 325 குழந்தைகளைக் கொண்ட 6 ஆய்வுகளை அலசியது. மொத்தத்தில் நாளுக்குச் சுமார் 1 மணி 12 நிமிடம் அழுகை குறைந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் மறைத்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அந்த வேறுபாடு நிறுவ முடியாத அளவுக்குச் சுருங்கியது. இந்தத் துறையில் பலமுறை திரும்ப வருவது இதுதான்: யாருக்கு எது என்பது எவ்வளவு நன்றாக மறைக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பலன் சிறுக்கிறது. டான் கார்ன்ஸ் தலைமையில் 66 குழந்தைகளை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வு, வழக்கமான மென்தொடுகை ஆஸ்டியோபதியை, சிகிச்சை நோக்கமற்ற சாதாரணத் தொடுகையோடு ஒப்பிட்டது. வேறுபாடு தெரியவில்லை. ஆஸ்டியோபதித் துறையினரே முன்னின்று இப்படி ஒரு சோதனையை நடத்தி, சாதகமற்ற முடிவையும் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

தாய்ப்பால் விஷயத்திலும் ஏறக்குறைய இதே பாதைதான். 2017இல் கியூபெக்கில் 97 தாய்சேய் இணைகளிடம் நடந்த ஆய்வில், பாலூட்டல் ஆலோசனையோடு ஆஸ்டியோபதியும் சேர்ந்தபோது குழந்தை மார்பைக் கவ்வும் திறனைக் காட்டும் மதிப்பெண் சிகிச்சை முடிந்த கையோடு சற்றே கூடியது. ஆனால் தாய்க்கு வேண்டியது அந்த நிமிடத்து மதிப்பெண் அல்ல. வாரக்கணக்கில் பாலூட்ட முடிகிறதா என்பதுதான். அதை அளந்தது 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு. ஒரு மாத முடிவில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் ஆஸ்டியோபதிக் குழுவில் 53 சதவீதம், போலிச் சிகிச்சைக் குழுவில் 66 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம்; ஆனால் ஆஸ்டியோபதி உதவியது என்று சொல்ல இடமே இல்லை.

குறைப்பிரசவக் குழந்தைகள்

இவ்வளவுக்கும் இடையே ஒரு முடிவு மட்டும் தனித்து நிற்கிறது. பிரான்செஸ்கோ செரிட்டெல்லியும் சகாக்களும் இத்தாலியின் மூன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 695 குறைப்பிரசவக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, கைச்சிகிச்சை பெற்ற குழந்தைகள் சராசரியாக 13.8 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் 17.5 நாளில். செலவும் குறைந்தது. இன்குபேட்டருக்கு வெளியே காத்திருக்கும் தாய்க்கு ஏறக்குறைய நான்கு நாள் என்பது சின்ன விஷயமல்ல. எண்ணிக்கை பெரிது; புறந்தள்ள முடியாத ஆய்வு.

ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு முடிச்சு தெரிகிறது. அன்றாட எடை அதிகரிப்பில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. குறைப்பிரசவக் குழந்தையை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பது முக்கியமாக எடையையும், வாயால் பால் குடிப்பதையும், மூச்சின் சீர்மையையும் பொறுத்தது. எடை ஒரே அளவில் ஏறியிருக்க, அனுப்பும் நாள் மட்டும் ஏன் முந்தியது? பால்குடி முன்னதாகச் சீராகியிருக்கலாம். அனுப்பும் முடிவில் தீவிர சிகிச்சைப் பிரிவினரின் நம்பிக்கையும் கலந்திருக்கலாம். சாதகமான முடிவுகள் பெரும்பாலும் ஒரே ஆய்வு வட்டத்திலிருந்து வந்தவை என்பதும் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

ஒப்பிட இன்னோர் உதாரணம் இருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு பராமரிப்பும் தொடுகைதான்: தாயின் மார்போடு குழந்தையின் தோல் படக் கிடத்துவது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு, பிறந்த உடனே இதைத் தொடங்கினால் குறைந்த எடைக் குழந்தைகளின் இறப்பு குறைகிறது என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. தொடுகைக்குச் சக்தி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆஸ்டியோபதியின் தொடுகைக்குத் தனிச் சக்தி உண்டா என்பதே கேள்வி.

பாதுகாப்பும் சட்டமும்

பதிவான பக்கவிளைவுகள் பெரும்பாலும் சிறியவை, அரிதானவை. ஆனால் நெதர்லாந்தில் மண்டையோட்டையும் தண்டுவடத்தையும் தொட்டுச் சிகிச்சை செய்யும் ஒரு 'கிரேனியோசேக்ரல்' சிகிச்சையாளர் கழுத்தையும் முதுகையும் வளைத்ததில் 3 மாதக் குழந்தை இறந்த சம்பவம் 2009இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அவர் ஆஸ்டியோபாத் அல்லர். எனினும் குழந்தையின் கழுத்தில் கைவைக்கும் எல்லாருக்கும் அது எச்சரிக்கை. இதைவிட அடிக்கடி நேரக்கூடிய ஆபத்து, காலம் கடத்துவது. பீய்ச்சியடிக்கும் வாந்தி, காய்ச்சல், எடை ஏறாமை ஆகியவற்றைத் தலை இறுக்கம் என்று எண்ணி நாள் கடத்தினால் விளைவு மோசமாகும். பிரான்சின் 2007ஆம் ஆண்டு ஆணை இதை உணர்ந்தே எழுதப்பட்டது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பில் கைச்சிகிச்சை செய்யுமுன் தடையேதும் இல்லை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். பெண்களின் உள்ளுறுப்புப் பரிசோதனை ஆஸ்டியோபாத்துகளுக்கு அடியோடு தடை.

திறந்திருக்கும் கேள்விகள்

கர்ப்பிணியின் முதுகு வலிக்குக் கைச்சிகிச்சை ஓரளவு உதவும், ஆபத்து குறைவு என்று இப்போதைக்குச் சொல்லலாம். கைக்குழந்தையின் அழுகைக்கும் பால்குடிக்கும் அது தனியாக ஏதும் செய்கிறது என்று சொல்வதற்கான ஆதாரம் ஆய்வுக்கு ஆய்வு கரைந்துவருகிறது. மண்டையோட்டுத் தாளம் என்ற கோட்பாட்டைக் காப்பாற்ற இதுவரை யாராலும் முடியவில்லை.

மீதமிருப்பவை இரண்டு பெரிய கேள்விகள். முதலாவது தாயைப் பற்றியது: அதே 20 நிமிடத்தை ஒரு செவிலியரோ பிசியோதெரபிஸ்ட்டோ கர்ப்பிணியோடு செலவிட்டு, எளிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, தொட்டு ஆறுதல் தந்தால் அதே நிவாரணம் கிடைக்குமா? கிடைக்குமென்றால் அது ஆஸ்டியோபதிக்குத் தோல்வியாக இருக்கலாம். ஆனால் கர்ப்பிணிகளுக்கு நல்ல செய்தி, ஏனென்றால் செவிலியர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இரண்டாவது குறைப்பிரசவக் குழந்தையைப் பற்றியது: இத்தாலிக்கு வெளியே, தொடர்பற்ற ஒரு குழு, எழுதிவைத்த ஒரே அளவுகோலின்படி, எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று அறியாத மருத்துவர்களே வீட்டுக்கு அனுப்பும் நாளை முடிவு செய்யும்படி ஆய்வை மீண்டும் நடத்த வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே நேர அளவு தாயின் மார்புச் சூட்டையும் தர வேண்டும். அப்போதும் அந்த நான்கு நாள் வேறுபாடு நிலைத்தால், இதுவரை தந்த விளக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அதன் காரணத்தைப் புதிதாகத் தேடத் தொடங்கலாம்.